தொடாமலே துப்பு: ஒரு நிறுவனத்தைப் பற்றி இணையம் தானாகச் சொல்லிவிடுவது

சில மாதங்களுக்கு முன்பு என் சொந்த டொமைனில் ஒரு சோதனைக்காகப் புதிய சப்டொமைன் (டொமைனுக்கு முன்னால் ஒட்டும் கிளைப் பெயர்) ஒன்றை உருவாக்கினேன். "பில்லிங்-டெஸ்ட்" என்று பெயர். யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் இணைப்புக் கொடுக்கவில்லை, கூகுளுக்கும் அது இருப்பது தெரியாது. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பிடம் இலவசச் சான்றிதழ் (தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் அத்தாட்சி) எடுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்து சர்வர் லாகை, அதாவது வருகைப் பதிவை, திறந்தால், அதற்குள் ஐந்தாறு பேர் வந்து போயிருந்தார்கள். ஒருவர் வேர்ட்பிரஸ் லாகின் பக்கம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர், நிரலின் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் கிட் கருவியின் கோப்புறை திறந்து கிடக்கிறதா என்று பார்த்திருக்கிறார். மூன்றாவது ஆள், புரோகிராமர்கள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை எழுதிவைக்கும் கோப்பின் பெயரைச் சொல்லியே கேட்டிருக்கிறார். பேச்சுக்குத்தான் ஆள் என்கிறேன், வந்தவை எல்லாம் தானியங்கி நிரல்கள். புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்பே பூட்டை ஆட்டிப் பார்க்க வந்துவிட்டன.

அவற்றிடம் முகவரியைச் சொன்னது யார்? நான்தான். சான்றிதழ் வாங்கிய அந்தக் கணத்திலேயே சப்டொமைனின் பெயர் ஒரு பொதுப் பதிவேட்டில் ஏறிவிட்டது. அதை நாள் முழுக்கப் படித்துக்கொண்டே இருக்கிற நிரல்கள் உலகெங்கும் உண்டு.

இந்தச் சின்னச் சம்பவத்தில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. அந்த நிரல்கள் என் சர்வரின் கதவைத் தட்டி ஒவ்வொன்றாகக் கேட்டது ஆக்டிவ். தட்டுவதற்கு முன், பதிவேட்டைப் படித்து என் முகவரியைத் தெரிந்துகொண்டது பாசிவ். எத்திக்கல் ஹேக்கிங் படிக்கிறவர்கள் முதல் வாரத்தில் கேள்விப்படும் "பாசிவ் ரீகான்" (தொடாமல் வேவு பார்ப்பது) இந்த இரண்டாவது வேலைதான். குறிவைத்த நிறுவனத்தின் எந்தக் கணினிக்கும் ஒரு பாக்கெட்கூட (தரவுத் துண்டு) அனுப்பாமல், மற்றவர்கள் ஏற்கெனவே சேர்த்துவைத்ததை மட்டும் படித்து அந்த நிறுவனத்தின் வரைபடத்தைப் போடுவது.

கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் கோடு கொஞ்சம் மங்கலானது. ஒரு நிறுவனத்தின் இணையதளத்தை பிரவுசரில் திறந்து பார்த்தாலே உங்கள் ஐபி முகவரி அவர்கள் லாகில் பதிவாகிவிடும். ஆயிரம் வாடிக்கையாளர்களோடு நீங்களும் ஒருவராகக் கலந்துவிடுவதால் இதை அரை பாசிவ் என்று சிலர் கணக்கு வைக்கிறார்கள். டொமைன் பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் விஷயத்தில் குழப்பம் இன்னும் நுட்பமானது. ஒரு டொமைனின் விவரத்தை உங்கள் இணைய நிறுவனத்தின் ரிசால்வரிடம், அதாவது உங்களுக்காக விடை தேடித்தரும் சர்வரிடம், கேட்கிறீர்கள். அதன் நினைவில் விடை இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. இல்லாவிட்டால், அது உங்களுக்காக அந்த டொமைனின் சொந்த நேம் சர்வரிடமே போய்க் கேட்கும். உங்கள் பெயர் வெளியே வராது, ஆனால் யாரோ கேட்டார்கள் என்ற தடம் விழும். அதனால்தான் கண்டிப்பானவர்கள் நேரடியாகக் கேட்காமல், பழைய டிஎன்எஸ் விடைகளைச் சேர்த்துவைத்திருக்கும் பாசிவ் டிஎன்எஸ் சேமிப்புகளில் தேடுகிறார்கள்.

தாக்குதலைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கும் எல்லாச் சட்டகங்களிலும் இதற்கு இடம் உண்டு. லாக்ஹீட் மார்ட்டின் 2011-ல் வெளியிட்ட கில் செயினில் முதல் படியே வேவுதான். மைட்டர் நிறுவனத்தின் அட்டாக் அட்டவணையில் 2020-ல் இது தனிப் பத்தியாகச் சேர்ந்தது. ஆனால் அட்டவணையைப் படித்தால் தொழில் புரியாது. ஒரு மூலத்தையாவது அருகில் போய்ப் பார்க்க வேண்டும். நான் சான்றிதழ்ப் பதிவேட்டை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதன் பின்கதை எனக்குப் பிடிக்கும்.

நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்று ஒரு நிறுவனம் இருந்தது. இணையதளங்களுக்குச் சான்றிதழ் வழங்குவது அதன் வேலை. அந்நாட்டு அரசே அதன் சான்றிதழ்களைப் பயன்படுத்தியது. 2011 கோடையில் யாரோ உள்ளே புகுந்து, போலிச் சான்றிதழ்களை அச்சடித்துக்கொண்டு போனார்கள். பிறகு நடந்த விசாரணையில் எண்ணியபோது 531 இருந்தன. அதில் ஒன்று கூகுளின் எல்லாச் சப்டொமைன்களுக்கும் செல்லும். ஈரானில் ஜிமெயில் திறந்தவர்களுக்கும் கூகுளுக்கும் நடுவில் உட்கார்ந்து, அந்தச் சான்றிதழைக் காட்டி அஞ்சல்களைப் படிக்க முடிந்தது. பாதிக்கப்பட்ட ஐபி முகவரிகள் சுமார் 3,00,000. குரோம் பிரவுசருக்குள் கூகுள் தன் சொந்தச் சான்றிதழ்களின் அடையாளத்தை முன்கூட்டியே பொதிந்துவைத்திருந்ததால் ஓர் ஈரானியப் பயனருக்கு எச்சரிக்கை வந்தது. அவர் அதை ஆகஸ்ட் இறுதியில் வெளியே சொன்னார். செப்டம்பரிலேயே டிஜிநோட்டார் திவாலானது.

இங்கே சிக்கல் என்னவென்றால், உங்கள் டொமைனுக்கு உலகில் ஏதோ ஒரு நிறுவனம் சான்றிதழ் கொடுத்தால் உங்களுக்கு அது தெரியவே வழி இல்லை. கூகுளின் பென் லாரியும் ஆடம் லாங்லியும் இதற்கு ஒரு தீர்வு சொன்னார்கள். வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேட்டில் சேர்க்கலாம், திருத்தவோ அழிக்கவோ முடியாது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். செர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி என்ற பெயரில் 2013-ல் இது ஆவணமாக வந்தது. 2018 ஏப்ரல் இறுதிக்குப் பிறகு வழங்கப்படும் சான்றிதழ் பதிவேட்டில் இல்லாவிட்டால் குரோம் அதை ஏற்காது என்றானதும், உலகம் முழுக்கப் பதிவு செய்யத் தொடங்கியது.

நல்ல ஏற்பாடு. போலிச் சான்றிதழ் போட்டால் இப்போது மாட்டிக்கொள்வார்கள். ஆனால் இதற்குக் கொடுத்த விலையைப் பலர் கவனிக்கவில்லை. சான்றிதழில் சப்டொமைனின் முழுப் பெயர் இருக்கிறது. ஆக, உலகில் உள்ள நிறுவனங்கள் எல்லாம் தங்கள் உள்வீட்டு அறைகளின் பெயர்ப்பட்டியலைத் தாங்களே தெருமுனையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

செக்டிகோ நிறுவனம் இந்தப் பதிவேடுகளைத் தேட இலவசமாக ஒரு தளம் நடத்துகிறது. ஒரு டொமைன் பெயரை அதில் போட்டால் பட்டியல் கொட்டும். ஒரு ஜவுளி நிறுவனம் என்று கற்பனை செய்துகொள்வோம். பட்டியலில் "மெயில்", "விபிஎன்", "எச்ஆர்", "யூஏடி", "ஜென்கின்ஸ்", "ஓல்டு-பேரோல்" என்று ஆறு பெயர்கள் வருகின்றன. அனுபவம் உள்ள பென்டெஸ்டர் (அனுமதியோடு ஊடுருவிச் சோதிப்பவர்) இதை எப்படிப் படிப்பார்? விபிஎன் இருக்கிறது, அப்படியென்றால் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் நுழையும் வாசல் இது. யூஏடி என்பது வாடிக்கையாளரிடம் போவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் தளம். அதில் அசல் டேட்டாவின் நகல் இருக்க வாய்ப்பு உண்டு, அசலுக்குப் போடும் பூட்டு இருக்க வாய்ப்புக் குறைவு. ஜென்கின்ஸ் என்றால் நிரல் கட்டும் சர்வர், அது எல்லாச் சாவிகளையும் கையில் வைத்திருக்கும் வேலைக்காரர் மாதிரி. அப்புறம் அந்த "ஓல்டு-பேரோல்". லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும். மற்ற ஐந்துக்கும் தேதி தவறாமல் புதுப்பித்திருக்கிறார்கள், இதற்கு மட்டும் 2021-ல் நின்றுவிட்டது. ஒன்று, அதை மூடிவிட்டார்கள். அல்லது மறந்துவிட்டார்கள். மறந்திருந்தால் அந்தப் பழைய சம்பளக் கணக்குத் தளம் நான்கைந்து வருடமாக அப்டேட் பார்க்காமல் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். பென்டெஸ்டர் முதலில் வட்டம் போடுவது இந்தப் பெயரைத்தான்.

இவ்வளவுக்கும் அந்த நிறுவனத்தின் சர்வரை யாரும் தொடவில்லை.

டிஎன்எஸ் பதிவுகளும் இப்படித்தான் வாயைத் திறந்து பேசும். டொமைனின் டெக்ஸ்ட் பதிவில் எஸ்பிஎஃப் என்று ஒரு வரி இருக்கும். என் பெயரில் மின்னஞ்சல் அனுப்ப இன்னின்னாருக்கு அனுமதி உண்டு என்று உலகத்துக்கு அறிவிக்கும் வரி அது. அலுவலக அஞ்சல் சோஹோவா, கூகுளா, மைக்ரோசாப்டா, விளம்பர அஞ்சலை யார் அனுப்புகிறார்கள், வாடிக்கையாளர் புகாருக்கு எந்த மென்பொருள் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். பக்கத்திலேயே டிமார்க் பதிவு இருக்கும். போலி அஞ்சல் வந்தால் என்ன செய்வது என்ற கொள்கை அது. அங்கே "ஒன்றும் செய்யாதே" என்ற மதிப்பு இருந்தால், அந்த நிறுவனத்தின் பெயரில் போலி அஞ்சல் அனுப்புவது எவ்வளவு எளிது என்று அவர்களே எழுதிக் கொடுத்த மாதிரி. இன்ன மென்பொருள்தான் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தபின், அதே மென்பொருளின் "உங்கள் பாஸ்வேர்டு காலாவதியாகிறது" அஞ்சலைப் போலியாகத் தயாரிப்பது திருடனுக்குப் பெரிய வேலை இல்லை.

டொமைன் யாருடையது என்று சொல்லும் ஹூயிஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டொமைன் உரிமையாளரின் பெயர், தொலைபேசி எல்லாம் ஒரு காலத்தில் அங்கே கொட்டிக்கிடந்தன. 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் பெரும்பாலான விவரங்கள் மறைக்கப்பட்டன. 2025 ஜனவரியில் பொதுவான டொமைன்களுக்கு ஹூயிஸ் நடத்தும் கட்டாயமும் நீங்கி, ஆர்டாப் என்ற புதிய முறை அந்த இடத்துக்கு வந்தது. பயிற்சி வகுப்புகளில் இன்னும் முதல் பாடமாக ஹூயிஸையே நடத்துகிறார்கள், பழக்கதோஷம்.

அடுத்தவர் தட்டியதை நாம் படிப்பது என்றால் ஷோடான்தான் நினைவுக்கு வரும். ஜான் மேதர்லி 2009-ல் தொடங்கியது. இணையத்தில் உள்ள ஐபி முகவரிகளை எல்லாம் ஓயாமல் தட்டி, என்ன பதில் வருகிறது என்று குறித்துவைக்கும் தேடுபொறி. கேமரா, ரவுட்டர், ஆலை இயந்திரம், எதுவானாலும். இவ்வளவு பெரிய வேலையா என்று தோன்றலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2013-ல் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, ஒரே கணினியிலிருந்து ஐபிவி4 வகை ஐபி முகவரிகள் முழுவதையும் 45 நிமிடத்துக்குள் ஒரு சுற்று தட்டிவிடும். ஷோடானில் தேடுகிறவர் யாரையும் தட்டுவதில்லை. தட்டிய குறிப்பைப் படிக்கிறார், அவ்வளவே. இது நேர்மையான வேறுபாடா, வாய்ச்சாமர்த்தியமா என்று எனக்கே சில நேரம் சந்தேகம் வரும். ஆனால் சட்டமும் தொழில் வழக்கமும் இந்த வேறுபாட்டை மதிக்கின்றன.

கூகுளும் அதே ரகம். 2000-களின் தொடக்கத்தில் ஜானி லாங் என்பவர், தேடலில் தளத்தையும் கோப்பு வகையையும் தலைப்பையும் குறிப்பிட்டுக் கேட்டால் மறைந்து கிடப்பவை எல்லாம் வரும் என்று காட்டி, அப்படிப்பட்ட கேள்விகளைத் தொகுக்கத் தொடங்கினார். கூகுள் டார்க்கிங் என்று அதற்குப் பெயர் நிலைத்தது. இருட்டைக் குறிக்கும் டார்க் வேறு. அசட்டு ஆளைக் குறிக்க அமெரிக்கப் பேச்சில் உள்ள கேலிச்சொல் இது, விவரம் இல்லாமல் எதையோ வெளியே விட்டுவைத்தவரை அது கேலி செய்தது. நியூயார்க் மாநிலத்தில் ரை புரூக் என்ற ஊரில் போமன் என்று ஒரு சின்ன அணை இருக்கிறது. 2013-ல் அதன் கட்டுப்பாட்டுக் கணினிக்குள் ஈரானிலிருந்து ஒருவர் நுழைந்தார் என்று அமெரிக்க அரசு 2016-ல் குற்றம்சாட்டியது. அந்த அணை அவருக்குக் கிடைத்ததே இந்த வகைத் தேடலில்தான் என்று பிறகு செய்திகள் வந்தன. தண்ணீர் மட்டத்தையும் மதகின் நிலையையும் அவரால் பார்க்க முடிந்தது. பராமரிப்புக்காக மதகின் இணைப்பைக் கழற்றி வைத்திருந்ததால் திறக்க முடியவில்லை. பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் காப்பாற்றவில்லை, ரிப்பேர் வேலை காப்பாற்றியது.

இவற்றையெல்லாம்விட மோசமானது, புரோகிராமர்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம். டொயோட்டாவின் டி-கனெக்ட் சேவைக்கு வேலை செய்த ஒப்பந்த நிறுவனம் ஒன்று, 2017 டிசம்பரில் மூல நிரலின் ஒரு பகுதியைப் பொதுவில் ஏற்றிவிட்டது. அதற்குள் டேட்டா சர்வரின் சாவி, அதாவது நுழைவதற்கான ரகசியக் குறியீடு, இருந்தது. கண்டுபிடித்தது 2022 செப்டம்பரில். ஏறக்குறைய ஐந்து ஆண்டு. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் அந்தச் சாவிக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. இதில் புரோகிராமர்கள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சாவி இருந்த வரியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். கிட் என்பதே பழைய பதிப்புகளை மறக்காமல் வைத்துக்கொள்ளத்தான் இருக்கிறது. முந்தைய கமிட்டை, அதாவது சேமித்த பதிப்பை, திறந்தால் சாவி அப்படியே நிற்கும். வெளியே போன சாவியை மாற்றுவது ஒன்றே வழி, அழிப்பது வழியல்ல.

கோப்புகளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் விவரமும் உண்டு. 2012 டிசம்பரில், ஆன்டிவைரஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்காஃபி போலீசுக்குத் தப்பி ஓடிக்கொண்டிருந்தபோது, கூடப் போன ஒரு பத்திரிகை அவர் படத்தை வெளியிட்டது. படத்தோடு ஒட்டி வரும் எக்ஸிஃப் தரவில் ஜிபிஎஸ் புள்ளி இருந்தது. அவர் குவாதமாலாவில் இருப்பதை உலகமே கண்டுகொண்டது. நிறுவனங்கள் தளத்தில் ஏற்றும் பிடிஎஃப்களிலும் எழுதியவரின் கணினிப் பெயரும் மென்பொருள் பதிப்பும் இப்படித் தங்கிவிடும். வேலைவாய்ப்பு விளம்பரத்தை யாரும் ரகசியமாக நினைப்பதில்லை. "இன்ன கம்பெனி ஃபயர்வாலில் மூன்று வருட அனுபவம், இன்ன பதிப்பு ஆரக்கிளில் பழக்கம்" என்று எழுதினால் அந்த நிறுவனத்தின் சர்வர் அறையில் என்ன இருக்கிறது என்று எழுதியதுதானே? டெண்டர் ஆவணங்கள் ஒரு படி மேலே போய் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லும்.

சரி, இத்தனையையும் படிப்பது குற்றமா? இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 43-ஆவது பிரிவு உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியை அணுகுவதைப் பற்றிப் பேசுகிறது. அதையே கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-ஆவது பிரிவு வருகிறது. மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொதுப் பதிவேட்டைப் படிப்பவர் யாருடைய கணினியையும் அணுகவில்லை. ஆனால் கிட்ஹப்பில் ஒரு சாவியைப் பார்த்துவிட்டு, "வேலை செய்கிறதா பார்ப்போமே" என்று ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தால் கோட்டைத் தாண்டியாயிற்று. ஆர்வக்கோளாறில் மாணவர்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான். அனுமதிக் கடிதம் கையில் உள்ள பென்டெஸ்டர்கூட, கடிதத்தில் எழுதிய எல்லைக்குள் அந்தச் சர்வர் வருகிறதா என்று பார்த்த பிறகே போடுவார். கடிதம் இல்லாதவர் கண்ணில் இப்படி ஏதாவது பட்டால், நிறுவனத்துக்கோ இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கோ எழுதிவிட்டு விலகிக்கொள்வதே நல்லது.

இந்தத் தொழிலில் பிழைப்பைக் கெடுப்பது தகவல் கிடைக்காமல் போவதல்ல, கிடைத்தது பழையதாக இருப்பது. ஷோடான் காட்டும் விவரம் மூன்று வாரத்துக்கு முந்தையதாக இருக்கலாம். அதற்குள் அந்த கிளவுட் ஐபி முகவரி வேறு யாருக்கோ போயிருக்கும். சரிபார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போய் ஸ்கேன் அடித்தால், நீங்கள் அடிப்பது சம்பந்தமே இல்லாத ஒருவரின் சர்வரை. எல்லாக் கருவிகளும் ஒரே சொடுக்கில் ஆயிரம் வரி தந்துவிடுகின்றன. அந்த ஆயிரத்தில் எது இன்றைக்கும் உண்மை, எது இந்த நிறுவனத்துக்கே உரியது என்று இரண்டு மூன்று மூலங்களை ஒட்டிப் பார்த்துக் கழிப்பதற்குத்தான் பென்டெஸ்டருக்குச் சம்பளம்.

பாதுகாக்கிறவர் பக்கம் ஒரு சங்கடம் உண்டு. ஸ்கேன் நடந்தால் ஃபயர்வால் கத்தும். பாசிவாக யாரோ படித்தால் எதுவும் கத்தாது, படித்தார்கள் என்பதே தெரியாது. அதனால் முந்திக்கொண்டு தாங்களே தங்களைத் தேடிப் பார்ப்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை. சப்டொமைன் பெயர்கள் வெளியே தெரியக் கூடாதென்றால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே வைல்டுகார்டு சான்றிதழ் வாங்கலாம். பெயர் மறையும். ஆனால் ஒரே சாவியைப் பல சர்வர்களில் வைக்க நேர்ந்தால், ஒன்று திருடுபோனாலும் எல்லாமே திருடுபோனது போலத்தான். என்னைக் கேட்டால் பெயரை மறைப்பதைவிட, பெயர் தெரிந்தாலும் பரவாயில்லை என்ற அளவுக்கு உள்ளே பூட்டிவைப்பது மேல். "ஜென்கின்ஸ்" என்று பெயர் தெரிவதல்ல ஆபத்து, அது விபிஎன் இல்லாமலே திறப்பதுதான்.

என் "பில்லிங்-டெஸ்ட்" ஒரே வாரத்தில் வேலை முடிந்து போனது. சர்வரை நிறுத்தினேன், டிஎன்எஸ் பதிவை நீக்கினேன், சான்றிதழையும் ரத்து செய்தேன். இதை எழுதுவதற்கு முன் செக்டிகோவின் தளத்தில் என் டொமைனைப் போட்டுப் பார்த்தேன். அழிக்க முடியாத பதிவேடு ஆயிற்றே, வாங்கிய தேதியோடு அப்படியே இருக்கிறது.